வாளி நிறைய முப்பத்தாறு செக்கன்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியும் தொலைபேசி என்னை விட்டபாடில்லை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தால், யாராவது ஒருவர் ஒரு பம்பின் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார். "அண்ணை, இது சில்லருக்குக் காணுமோ?" அவ்வளவுதான் கேள்வி. தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் அந்தச் சில்லர் என்ன வகை, அதை எத்தனை அடி உயரத்தில் வைத்திருக்கிறார்கள், குழாய் எவ்வளவு நீளம், தொட்டிக்குள் இருப்பது தங்கமீனா சிங்கி இறாலா, ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெட்டியைப் பார்த்துப் பலன் சொல்ல நான் என்ன சாத்திரியா?

போன மாதம் நான் வேலை செய்த நிறுவனத்திலிருந்தே ஒருவர் அழைத்தார். இப்போது புதுப் பம்புகள் வந்திருக்கின்றனவாம். மணிக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது என்று தானே அளந்து கைத்தொலைபேசியில் காட்டுமாம். "இனி உங்கடை வாளிக்கு வேலை இல்லை அண்ணை" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்தப் பம்பை நானும் போய்ப் பார்த்தேன், நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சில்லருக்குப் பம்ப் எடுக்கிற விசயத்தில் நான் பட்டதையும் கண்டதையும் ஒருக்கால் எழுதிவைத்துவிட்டால், ஆளாளுக்குத் தனித்தனியாகக் கதைக்கத் தேவையில்லை என்று பட்டது.

நான் தெல்லிப்பழைத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் குளிரூட்டல் படித்தேன். ஐஸ் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்றேன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் போன ஊரிலெல்லாம் குளிர்சாதனப் பெட்டி திருத்திச் சீவித்தேன். அதையெல்லாம் விரித்தால் கதை நீண்டுவிடும். நாற்பத்தைந்து வயதில் ஒரு கடலுணவு நிறுவனத்தில் சேர்ந்தேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

அவர்கள் உயிருள்ள சிங்கி இறாலைக் கரையோரத்தில் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர்கள். இறால் சேர்த்துக் கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு ஃபைபர் தொட்டியும் ஒரு சில்லரும் நிறுவனமே கொடுக்கும். பணக்கார வீடுகளில் பெரிய கண்ணாடி மீன்தொட்டி வைத்திருப்பார்களே, அதற்கு விற்கிற அதே சில்லர்தான். தொட்டித் தண்ணீரை ஒரு பம்ப் அதற்குள் தள்ளும், அது குளிராக்கித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பொருத்துவதும் பழுது பார்ப்பதும், பழுது வந்தால் அறிக்கை எழுதுவதும் என் வேலை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. நானும் அதோடு பிறந்தவன்தான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். பம்ப் என்றால் எங்களுக்குத் தோட்டத்துப் பம்ப். வாய்க்காலில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது, ஒரு பரப்பு வெங்காயத்துக்கு இறைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அதுதான் எங்கள் அளவுகோல். தண்ணீர் மொத்தமாக வந்து விழுந்தால் நல்ல பம்ப், மெலிதாக வந்தால் கூடாத பம்ப். சில்லருக்கு இந்தக் கணக்குச் சரிவராது என்று எங்கள் ஆட்களை நம்பவைப்பது பெரும்பாடு.

உடுவிலில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் வரவேற்பறையில் ஆறடி நீளத்துக்கு மீன்தொட்டி வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் சில்லரும் அனுப்பியிருந்தான். சில்லர் பகல் முழுக்க ஓடுகிறது, தண்ணீர் குளிரவேயில்லை என்று தெரிந்தவர் மூலம் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தொட்டிக்குக் கீழே தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பரலுக்குள் கிணற்றில் இறக்குகிற ஒரு குதிரைவலு மோட்டரை அமிழ்த்தி வைத்திருக்கிறார். மேலே பாவம் மீன்கள் நீந்தவில்லை, சலவை இயந்திரத்துக்குள் அகப்பட்டதுபோலச் சுழன்றுகொண்டிருந்தன. தண்ணீருக்குள் கிடந்து ஓடுகிற மோட்டர் குடிக்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத் தண்ணீருக்குள்ளேதான் போகும். ஒரு பக்கம் சில்லர் சூட்டை இறைக்க, மறுபக்கம் மோட்டர் சூட்டை ஊற்றிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றிவிட்டு உள்ளங்கையளவு பம்ப் ஒன்றைப் பூட்டினேன். அவர் திரும்பிவரும் தண்ணீரைப் பார்த்தார். முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

"இதென்ன தம்பி, பூனை பெய்யிறமாதிரி ஓடுது?"

"பூனை பெய்யட்டும் ஐயா. பின்னேரம் தண்ணியைத் தொட்டுப் பாருங்கோ."

பின்னேரம் அவரே அழைத்து, மீன்கள் சாப்பிடத் தொடங்கிவிட்டன என்றார். மோட்டரை எங்கே விற்கலாம் என்றும் கேட்டார்.

சில்லரின் பின்பக்கத் தகட்டில் அதற்குள் எவ்வளவு தண்ணீர் ஓடவேண்டும் என்று இரண்டு எண்கள் இருக்கும். கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று. பம்ப் அந்த இரண்டுக்கும் நடுவில் கொடுக்கவேண்டும். பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது முன்னால் ஒரு தடையும் இல்லாமல் வெறும் வாயால் ஓடும்போது உள்ள கணக்கு. மாரியில் வெள்ளம் ஏறும் என்று எங்கள் ஆட்கள் சில்லரை நாலடிச் சீமெந்துக் கட்டின் மேல் ஏற்றி வைப்பார்கள், அந்த உயரம் கொஞ்சத்தைத் தின்னும். குழாயின் நீளமும் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். ஆகவே கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுகிற பம்பாக எடுத்து, சில்லருக்குப் பிறகு ஒரு வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிற பக்கத்தில் வால்வு போட்டுக் கழுத்தை நெரிக்கக் கூடாது. எல்லாம் முடிந்தபிறகு அளந்து பார்க்கவேண்டும், தண்ணீர் தொட்டியில் வந்து விழுகிற இடத்தில்.

இந்த அளக்கிற பழக்கத்தை எங்களுக்குள் விதைத்தவர் சுகந்தி மிஸ். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஐஸ் தொழிற்சாலையில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான் என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்ததால், அவரின் கீழ் வேலை செய்வது முதலில் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நீங்கள் செய்தது பிழை என்று சொன்னதுமில்லை. என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். பழுது பற்றி நாங்கள் அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தாலும் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அளந்தனீங்களோ?"

அளந்திருந்தால் அடுத்த கதை. அளக்கவில்லை என்றால் வான் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகவேண்டியதுதான். எங்கள் வானில் எப்போதும் ஒரு வெள்ளைப் பெயின்ற் வாளி இருக்கும், இருபது லீற்றர் வருகிற இடத்தில் சிவப்புக் கோடு. திரும்பிவரும் குழாயின் வாயை வாளிக்குள் விட்டு, கோடு தொடும்வரை கைக்கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். மூன்று முறை. மூன்றும் ஒத்துவந்தால்தான் எழுதலாம். நாங்கள் கொடுத்த சில்லருக்கு வாளி முப்பது செக்கனுக்கும் ஐம்பது செக்கனுக்கும் நடுவில் நிறையவேண்டும். நான் பூட்டிய தொட்டிகள் முக்கால்வாசி முப்பத்தைந்து, முப்பத்தாறில் நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது விமலா வீட்டில்.

கீரிமலைக்கு மேற்கே கடலோரத்தில் வீடு. விமலாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் தேவன் கடலுக்குப் போவார், இவர் அக்கம்பக்கத்துப் படகுகளின் இறாலையும் வாங்கித் தொட்டியில் சேர்ப்பார். வீட்டோடு ஒட்டிய ஓலைக் கொட்டிலில் தொட்டியையும் சில்லரையும் நான்தான் பூட்டிக் கொடுத்தேன். பங்குனி பிறந்த கையோடு. வாளி முப்பத்தாறு செக்கனில் நிறைந்தது. வெள்ளிக்கிழமைகளில் நிறுவனத்தின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இரண்டாவது கிழமையே விமலா அழைத்தார். "அண்ணை, தண்ணி சுடுது. பதினொரு இறால் செத்துப்போச்சு." நாளைக்குக் காலமை வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு மறுநாள் போனேன். கொட்டில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. எனக்கென்று கதிரையும் தேத்தண்ணியும் தயாராக இருந்தன. சில்லர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வாளி வைத்தேன், முப்பத்தாறு செக்கன். பம்பைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். மின்னழுத்தம் பார்த்தேன், குறையில்லை. "இப்ப ஒண்டும் இல்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி. இந்த முறை பத்தொன்பது இறால். மறுபடியும் முதல்நாளே சொல்லிவிட்டுப் போனேன், மறுபடியும் முப்பத்தாறு. மூன்றாவது தரமும் அதேதான். எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. பம்ப் சரி, குழாய் சரி, சில்லர் சரி, அப்படியென்றால் பிழை எங்கே? அந்த மூன்றாவது தரம் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பம்புக்கு நான் இழுத்துக் கொடுத்த தனி வயரைத் தவிர அங்கே ஒரேயொரு மின்சாரப் பொருத்தி. அதில் சில்லர் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மேசைக் காற்றாடியின் வயர் கழற்றியபடி கிடந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பங்குனி வெக்கைக்குச் சில்லரைக் கழற்றிவிட்டுக் காற்றாடியைப் போடுகிறார்கள், நான் வருகிறேன் என்றதும் மாற்றிப் போடுகிறார்கள். சரியான கெட்டிக்காரர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். பழுது: இல்லை. காரணம்: பாவனையாளர் குளிரூட்டியின் மின்சாரத்தை நிறுத்துகிறார். பரிந்துரை: தொட்டியை மீளப் பெறலாம்.

மூன்று தரம் இறால் செத்தால் தொட்டியைத் திரும்ப எடுத்து, வரிசையில் நிற்கும் அடுத்த ஊருக்குக் கொடுப்பது நிறுவனத்தின் ஒழுங்கு. பாவனைப் பிழை என்று அறிக்கை போனால் அந்த வீட்டுக்கு இனி ஒருநாளும் தொட்டி கிடையாது. படகுக்காரர்களும் விமலாவை நம்பி இறால் கொடுக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வெள்ளிக்கிழமை லொறியிலேயே ஏற்றிவரலாம் என்றும் சொன்னேன்.

சுகந்தி மிஸ் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். கையொப்பம் வைக்கவில்லை.

"அளந்தனீங்களோ அண்ணை?"

"ஓம் மிஸ். மூண்டு தரம் போய், ஒவ்வொரு தரமும் மூண்டு தரம் அளந்தனான்."

"போறதெண்டு சொல்லிப்போட்டோ போனனீங்கள்?"

"ஓம். சொல்லாமல் ஒரு வீட்டுக்கு எப்பிடிப் போறது?"

அவர் பேனையை மூடி வைத்தார். "நாளைக்குச் சொல்லாமல் போவம்" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. எனக்கும் சந்தோசம்தான். சில்லரின் பொருத்தியில் காற்றாடி ஓடிக்கொண்டிருப்பதை மிஸ் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வானை ஓட்டினேன். பதினொரு மணிபோலப் படலையைத் திறந்தோம். விமலா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடப் பார்த்தார். "நில்லுங்கோ பிள்ளை, நாங்கள் சும்மா பாக்க வந்தனாங்கள்" என்று மிஸ் அவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

கொட்டிலுக்குள் போனோம். காற்றாடி ஓடவில்லை. அதன் வயர் அன்று கிடந்த இடத்திலேயே கழற்றியபடி கிடந்தது. சில்லர் பொருத்தியில்தான் இருந்தது, ஆனால் ஓடவில்லை, முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு மேல் திரும்பிவரும் குழாயின் வாயில் வெள்ளைத் துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. பழைய வேட்டித் துண்டு. தயிரைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஊதிப் புடைத்து, பாசியும் சுண்ணாம்பு மண்ணும் சேர்ந்து பழுப்பாகிக் கிடந்தது. தண்ணீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

என் கை தன்பாட்டில் அதை அவிழ்க்கப் போய்விட்டது.

"அவிழ்க்காதேங்கோ அண்ணை" என்றார் மிஸ். "வாளியை வையுங்கோ."

துணியோடு வைத்தேன். ஐம்பது போனது, தொண்ணூறு போனது, இரண்டு நிமிடத்துக்கும் கோடு தொடவில்லை. தண்ணீர் குறைந்தால் உள்ளே உறைந்து வெடித்துவிடாமல் சில்லர் தானே நின்றுவிடும், ஓட்டம் வந்தால் தானே தொடங்கும். அப்படித்தான் அது செய்திருக்கிறது.

"உந்தத் துணி எப்பவும் கட்டுறனீங்களோ பிள்ளை?" மிஸ் கேட்டார்.

"ஓம் மிஸ். கடல் தண்ணியிலை சுண்ணாம்புக் கல்லு வருது, இறால் மூச்சு விடுற பூவுக்குள்ளை போயிடும் எண்டு கட்டினனான். அண்ணை வாற நாளிலை மட்டும் கழட்டித் தோய்ச்சுப் போடுவன். ஊத்தைத் துணியோடை அவருக்கு எப்பிடிக் காட்டுறது?"

குழாய் வாயில் துணி கட்டாத வீடு இந்தக் குடாநாட்டில் எங்கே இருக்கிறது? என் வீட்டுக் குசினிக் குழாயிலும் கட்டியிருக்கிறது, நானே கட்டியது. கண்டு கண்டு பழகியதால் அப்படி ஒன்று இருக்கும் என்றே நினைக்கவில்லை. நான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்த மூன்று நாளும் அந்தத் துணி என் தலைக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"அப்ப துணி கட்டாட்டிக் கல்லு வராதோ?" என்று விமலா கேட்டார்.

"வரும். அதைப் பம்புக்குள்ளை போக முதலே வலைப் பெட்டி வைச்சுப் பிடிப்பம். கிழமைக்கு ரெண்டு தரம் நீங்கள் கழுவினாக் காணும்" என்றார் மிஸ். வானுக்குள் அப்படியொரு பெட்டி இருந்தது, எடுத்துப் பூட்டினேன். துணியை அவிழ்த்து அளந்தேன், முப்பத்தாறு. பம்ப் தெரிவில் நான் பிழை விடவில்லை, அதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். பிழை வேறு இடத்தில் இருந்தது.

விமலா என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் என்ன காரணம் எண்டு எழுதினனீங்கள் அண்ணை?"

மிஸ் என்னைக் காப்பாற்றவில்லை. குனிந்து வலைப் பெட்டியின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை.

"நீங்கள் கரண்டை நிப்பாட்டுறியள் எண்டு எழுதினனான் பிள்ளை. உந்தக் காற்றாடி வயரைக் கண்டிட்டு."

அவர் அந்த வயரைப் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"மல்டிபிளக் வைச்சு ரெண்டும் சேத்துப் போட்டா சில்லருக்குக் கரண்ட் காணாமப் போயிடும் எண்டு பயந்து, பங்குனி முழுக்க நாங்கள் காத்தில்லாமல் கிடந்தனாங்கள். உது நிக்கக் கூடாதெண்டு எங்கடை காத்தாடியையெல்லோ அண்ணை நிப்பாட்டினனாங்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. மிஸ் பையிலிருந்து என் பழைய அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்தார். புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "இஞ்சையே எழுதுங்கோ அண்ணை."

சில்லரின் மூடியில் வைத்து எழுதினேன். காரணம் என்ற இடத்தில், குழாய் வாயில் துணி கட்டப்பட்டிருந்தது என்று எழுதி நிறுத்தினேன். மிஸ் எட்டிப் பார்த்தார். "அது நடந்தது. மூண்டு தரம் போயும் ஏன் தெரியவரேல்லை? அதையும் எழுதுங்கோ." எழுதினேன். எழுதி முடிய விமலா, "எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். வாசித்தேன்.

"பரிசோதகர் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சென்றதால் துணி அகற்றப்பட்டிருந்தது. பாவனையாளரிடம் எதுவும் கேட்காமல், அவர் மின்சாரத்தை நிறுத்துவதாகப் பரிசோதகர் எழுதியது தவறு. பாவனையாளரில் பிழை இல்லை. தொட்டி இங்கேயே இருக்கவேண்டும்."

அந்த நேரம் படலைச் சத்தம் கேட்டது. தேவன் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார், தோளில் கூடை. விமலா என் கையிலிருந்த தாளை மடிக்க விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. பங்குனி முழுக்கக் காத்தில்லாமல் கிடந்தது நான் மட்டுமில்லை. இவருக்கும் ஒருக்கா வாசியுங்கோ."

தேவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் வந்து நின்றார். நான் நிமிர்ந்து நின்று, முதல் எழுத்திலிருந்து திரும்பவும் வாசித்தேன்.